வீரபாண்டியிலும் மழைதான்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகளை என் கையில் ஒப்படைத்த மச்சினன் சுரேஷ்கண்ணன், என் முகத்தைப் பார்க்காமல் எதிரே நின்ற குமுளி பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஞாயித்துக்கெழம காலையில வீரபாண்டி கோயில்ல வச்சு முடிக்கிறோம் மாமா. புள்ளைககிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. அக்காவும் சொல்லணும் சொல்லணும்னு ஒரு வாரமா வாயத் தொறக்குது. அழுகதான் வருது."

"எனக்கு மட்டும் என்னடா பாட்டா வரப்போகுது?" என்றேன்.

அவன் பையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். எல்லாம் தீர்ந்த பிறகும் அவனுக்கு வாயில் மாமா என்றுதான் வருகிறது. நல்ல பையன், என்ன செய்ய.

முடிப்பது என்றால் கல்யாணம். மாப்பிள்ளை கடமலைக்குண்டுக்காரர், தோட்டம் துரவு உள்ளவர், முதல் மனைவி செத்துப்போனவர். பெண், போன ஆடி வரைக்கும் என் பெண்டாட்டியாக இருந்த மகாலட்சுமி. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி எங்களைப் பிரித்துத் தீர்த்துவிட்டார்கள். ஏன் தீர்ந்தது என்று இங்கே பேசப்போவதில்லை. எனக்கும் அவளுக்கும் தெரியும். எங்களைவிட எங்கள் தெருவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் தகப்பனைச் சேர்ந்தவர்கள் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆனாலும் சின்னப் பிள்ளைகளாயிற்றே, அவள் வேறு இடம் போகிறவரை பண்ணைப்புரத்தில் அவளோடு இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். இப்போது அவள் வேறு இடம் போகிறாள்.

பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: சனி, ஞாயிறு ரெண்டு நாள் அப்பாவோடு இருந்துவிட்டு வாருங்கள். இனிமேல் திரும்பிப் போக அங்கே வீடு இல்லை, அம்மாவும் இல்லை என்பதை நான் சொல்ல வேண்டும்.

மூத்தவள் ஜோதிகா மூன்றாம் வகுப்பு. சின்னவன் இனியன் இன்னும் பால்வாடிதான். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, உழவர் சந்தைக்குப் பின்னால் நான் குடியிருக்கும் ஒற்றை அறைக்கு வந்து சேர்வதற்குள் தூறல் பிடித்துவிட்டது. பை கை ஒடிகிற கனம். ஜோதிகா அதைத் திறந்தாள். உள்ளே ரெண்டு பேருடைய பள்ளிக்கூட உடுப்பு, தீபாவளிச் சட்டை, ஸ்வெட்டர், இனியன் கட்டிக்கொண்டு தூங்கும் சின்னத் தலைகாணி, அவளுடைய கொலுசு டப்பா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, "தம்பிக்குப் பசிக்குதாம்ப்பா" என்றாள்.

ரெண்டு நாளைக்கு எதற்கு இவ்வளவு என்று அவள் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றி, கம்பமெட்டு வழியாக வண்டன்மேட்டில் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது பிழைப்பு. மலை ரோட்டில் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்தால் எதிரே வருகிறவன் ஒதுங்கிக்கொள்வான். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல அப்படி ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை முதலாளியிடம் ஜீப்பை இரவல் வாங்கி, பிள்ளைகளைச் சுருளி அருவிக்குக் கூட்டிப்போவது. ஆசை தீரக் குளிக்க விடுவது. கீழே வந்து வயிறு நிறையப் பிரியாணி வாங்கிக் கொடுப்பது. களைத்துப்போய், சந்தோஷமாக உட்கார்ந்திருக்கும்போது மெல்லச் சொல்லிவிடுவது. சந்தோஷமாக இருக்கிற பிள்ளைக்கு வலிக்காது என்று எந்த மடையன் எனக்குச் சொன்னானோ. வேறு யார், நானேதான் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி மழைக்கு என் திட்டம் எப்படியோ தெரிந்துவிட்டது. சனிக்கிழமை விடியும்போது தெருவில் முழங்காலளவு தண்ணீர். மேற்கே மலை இருந்த இடத்தில் மலையையே காணோம். போக வேண்டாம் என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் இனியன் எழுந்ததிலிருந்து ஜட்டியோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நிற்கிறான். அவனிடம் யார் போய் இல்லை என்று சொல்வது? சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

சுருளிப்பட்டி தாண்டி, காட்டுக்குள் போகிற பாதையில் கேட்டைப் பூட்டிவிட்டு, கறுப்பு மழைக்கோட்டு மாட்டிய வனக் காவலர் ஒருவர் நின்றார்.

"மேல இருந்து காட்டுத் தண்ணி வருதுண்ணே. யாரையும் விடமாட்டாக."

"தூரத்துல நின்னு பாத்துட்டாச்சும் வந்துர்றோமே. சின்னப் புள்ளைக, ஆசையா வந்துருக்குக."

"சின்னப் புள்ளைகளக் கூட்டியாந்திருக்கீகளே, அதான் வேணாங்கேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சண்டை போட ஒன்றும் கிடைக்காததில் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கடைகளெல்லாம் படுதாவை இறக்கிவிட்டிருந்தன. குரங்குகள்கூட எங்களைச் சட்டை செய்யாமல் கூரைக்கடியில் ஒடுங்கிக் கிடந்தன. இனியன் கேட்டின் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். மரங்களுக்குப் பின்னால் எங்கேயோ தண்ணீர் விழுகிற இரைச்சல் மட்டும் வந்தது.

"அந்தச் சத்தந்தான் அருவியாப்பா?"

"ஆமாலே."

"அது வெளிய வராதா?"

காவலர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீப்பில் ஏற்றி, கித்தானைக் கட்டி, வாழைப்பழத்தை உரித்து ரெண்டு பேர் கையிலும் கொடுத்தேன். அருவி இல்லை, பிரியாணி இல்லை, இருந்தாலும் சொல்லித்தானே ஆகவேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜோதி, அப்பா ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"தம்பிக்குக் குளுருதுப்பா. வண்டிய எடு" என்றாள் அவள்.

அவன் நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தான். வண்டியை எடுத்தேன்.

அறைக்கு வந்தால் கரண்ட் இல்லை. அந்த வருஷம் மழை இல்லாவிட்டாலும் கரண்ட் இருக்காது. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். கவர்மெண்டு கொடுத்த டி.வி. பண்ணைப்புரத்தில் மகாலட்சுமியிடம் போய்விட்டது. இருந்தாலும்தான் என்ன, கரண்ட் இல்லாமல் அதைத் துடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. ஒரு இடத்தில் குடம், ஒரு இடத்தில் வாளி, அடுப்புக்கு மேல் ஒழுகிய இடத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடையில் புரோட்டா வாங்கி வந்தேன். சால்னா காரம் தாங்காமல் இனியன் அழுதான். சீனியை வாயில் போட்டேன். அப்புறம் சீனி மட்டும் போதும் என்று அழுதான். காய வைக்க இடமில்லாமல் ஈரத் துணிகள் தலைக்கு மேலே கொடியில் தொங்கின. வீடு முழுக்க ஈர நாற்றம். பிள்ளைகளோடு ஒரு மழை நாளை மகாலட்சுமி எப்படித்தான் ஓட்டினாளோ என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன். யோசித்து இனி யாருக்கு என்ன லாபம்.

மத்தியானம் சின்னவனைக் காணோமே என்று பார்த்தால், மூலையில் அரிசி டின்னைத் திறந்துவைத்து வாய் நிறையப் போட்டு மென்றுகொண்டிருக்கிறான்.

"ஏலே, அரிசி திங்காத. ஒன் கல்யாணத்தன்னைக்கு மழ பேயும்" என்றேன். எங்கள் வீட்டில் எங்களுக்குச் சொன்னது, நாங்களும் சொல்வது.

"பேயட்டும்" என்று இன்னொரு பிடி அள்ளினான்.

ஜோதிகா மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள். "நெசமாவா பேயும்?"

"பின்ன? கட்டாயம் பேயும்."

"அம்மா அரிசி திங்கும்ப்பா. மொறத்துல பொடைக்கைல அள்ளி அள்ளித் திங்கும்."

எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏச்சு வாங்கினாலும் அவள் விடமாட்டாள். "எங்க கல்யாணத்தன்னைக்கு ஒரு பொட்டு மழ இல்லையே தாயி. பந்தலுக்குள்ள வெந்துட்டோம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எதையோ கணக்குப் போடுகிற மாதிரி ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன் மறுபடி ஆரம்பித்த அழுகையை நிறுத்த வேண்டுமே என்று கட்டிலை ஜீப்பாக்கினேன். சாப்பாட்டுத் தட்டு ஸ்டியரிங். நான் டிரைவர், இனியன் ஏலத் தோட்டத்துக்குப் போகிற ஆள், ஜோதிகா டிக்கெட் போடுகிறவள். ஜீப்பில் டிக்கெட் கிடையாது என்று சொன்னால் அவள் கேட்கிறதாக இல்லை. கம்பமெட்டு வளைவு ஒவ்வொன்றுக்கும் நான் சாய, பிள்ளைகளும் என்மேல் சாய்ந்தார்கள். வண்டன்மேடு, புளியன்மலை, கட்டப்பனை என்று ஊர் பெயரையெல்லாம் கத்தினேன். இனியன் கெக்கெக்கே என்று சிரித்தான். ரெண்டு நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

"டிரைவர், பண்ணப்பொரம் போங்க. அம்மாவ ஏத்திக்கிருவோம்" என்றான்.

தட்டைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. இப்போது சொல்லிவிடு என்று மனசு சொல்கிறது. வாய் வரமாட்டேன் என்கிறது.

"பண்ணப்பொரம் போகாது" என்றாள் ஜோதிகா, அதட்டலாக. "மழையில ரோடு போயிருச்சு. வண்டி மலைக்கு மட்டுந்தான் போகும். எல்லாரும் உக்காருங்க."

அவன் உடனே ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நல்ல வேளை என்று மூச்சு விட்டேன். மறுபடி வண்டியை எடுத்து ரெண்டு வளைவு போயிருப்போம். அவள் என் காதருகில் குனிந்து, தம்பிக்குக் கேட்காத குரலில், "கடமலக்குண்டுக்கு எந்தப் பக்கம்ப்பா போகணும்?" என்று கேட்டாள்.

"அது வேற பக்கம் தாயி. தேனி போயிப் போகணும்."

"ரொம்பத் தூரமா?"

"தூரந்தான்."

கூடப் படிக்கிற பிள்ளை யாராவது அந்த ஊராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் விடியவில்லை. வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். இனியன் பாயை நனைத்திருந்தான். அதைக் காய வைக்க ஊரில் ஒரு கை அகலம் காய்ந்த இடம் இல்லை. பக்கத்து அறை சோணையம்மாள் அக்கா ஒரு தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்தது. பிள்ளைகள் தலையைத் தடவி, உச்சுக் கொட்டி, "இன்னைக்குத்தான் முகூர்த்தம்னாக..." என்று இழுத்தது. கண்ணைக் காட்டினேன். அப்படியும் நிற்காமல், "இந்த மழையிலயா? வருண பகவானுக்கே பொறுக்கல போல" என்று முணுமுணுத்துவிட்டுப் போனது. ஜோதிகா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

இட்லியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு இறங்கவில்லை. வீரபாண்டிக் கோயில் கண்ணுக்குள்ளேயே நின்றது. எனக்கும் அங்கேதான் முடித்தார்கள். இந்நேரம் அவளை மணையில் உட்கார வைத்திருப்பார்கள். தாலியை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். எனக்கு அவள்மேல் கோபமெல்லாம் இல்லை என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அன்றைக்கு அந்த நேரத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. சட்னியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அப்பா."

"என்ன தாயி?"

"வீரபாண்டியிலயும் இப்ப மழ பேயுமா?"

நிமிர்ந்தேன். அவள் இட்லியைப் பிட்டுத் தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பேயும்ல?" என்றாள் மறுபடி. "ஒங்க கல்யாணத்துக்குத்தான் பேயலையே. அப்ப அம்மா தின்ன அரிசிக்கு இன்னைக்குத்தான பேயணும்."

 அவள் வாய் கோணியது, ஆனால் அழவில்லை. தம்பி அடுத்த வாய்க்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். அவனுக்கு ஊட்டி முடித்து, கையைக் கழுவிவிட்டு, அவனைக் கட்டில் மேல் ஏற்றி, தட்டைக் கையில் கொடுத்து, "நீதான் டிரைவரு, ஓட்டு" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஒனக்கு யாரு தாயி சொன்னது?"

"யாரும் சொல்லல. மாமா போன்ல பேசுனாரு. அம்மா என் கொலுசு டப்பாவ வச்சிருச்சு, தம்பி தலகாணிய வச்சிருச்சு, ரெண்டு நாளைக்கு அதெல்லாம் எதுக்கு?" கொஞ்சம் நிறுத்தி, "நீ நேத்தே சொல்ல வந்தேல்ல? தம்பி இருந்தான். அதான் வண்டிய எடுன்னேன்" என்றாள்.

நான் பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று அருவி பிரியாணி எல்லாம் திட்டம் போட்டவன். அந்தப் பிள்ளை ஒரு வாரமாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஆத்தா அழக்கூடாதென்று அவளிடம் கேட்காமல், தம்பி அழக்கூடாதென்று என்னையும் சொல்லவிடாமல் காவல் காத்திருக்கிறது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எலும்பும் தோலுமாக, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். அப்போதுதான் அழுதாள். சத்தம் வராமல் அழுவதற்கு எங்கே கற்றுக்கொண்டாளோ. நானும் அழுதேன். இனியன் கட்டிலில் ஹாரன் அடித்து எங்களை ஒதுங்கச் சொன்னான்.

பிறகு அந்த நாள் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சோறு வடித்தேன், குழைந்துவிட்டது. அவள் பருப்பில் தண்ணீர் ஊற்றினாள், அதுவும் கூடிப்போனது. குடம் நிறைந்தால் நான் கொண்டுபோய் ஊற்றினேன், வாளி நிறைந்தால் அவள் என்னைக் கூப்பிட்டாள். அம்மா நல்லா இருக்குமா என்று ஒரு தடவை கேட்டாள். நல்லா இருக்கும் என்றேன். நம்மளப் பாக்க வருமா என்றாள். வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பொய் சொல்ல முடியவில்லை. தெரியல தாயி என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள்.

"வீட்டுக்கு எப்பப் போவோம்?" என்று சின்னவன் அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் பதில் தேடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள்: "மழ விட்டதும்."

எனக்கும் அது நல்ல பதிலாகத்தான் பட்டது. பெய்கிற பெய்யைப் பார்த்தால் அது விடுகிற மழையாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து கரித்துக்கொட்டிய அதே மழையை, இன்னும் கொஞ்சம் பெய், நாளைக்கும் சேர்த்துப் பெய் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எனக்கு எது வேண்டுமோ அது நடக்கிற ராசி எனக்கு எப்போதும் இருந்ததில்லை. சாயங்காலம் டீ போடும்போது கூரைச் சத்தம் குறைந்தது. வாளியில் விழுந்த சொட்டு நின்றது. மேற்கே மலை பழைய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. தெருவில் யாரோ சைக்கிளில் பெல் அடித்துக்கொண்டு போனார்கள்.

நானும் ஜோதிகாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இனியன் அதற்குள் தீபாவளிச் சட்டையை எடுத்துத் தலை வழியாக மாட்டியிருந்தான். தலைகாணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையைத் தூக்கமுடியாமல் வாசல்வரை தரதரவென்று இழுத்துவந்து வைத்தான்.

"மழ விட்டுருச்சுப்பா!" என்று கத்தினான். "அக்கா, வா, வா."

அவள் என் அருகில் வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ சொல்றியாப்பா, நான் சொல்லட்டா?"

எட்டு வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது.

"நானே சொல்றேன் தாயி. நீ அங்கன போயி உக்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. தம்பி அழுதால் பிடித்துக்கொள்ள வசதியாக அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். நான் வாசல்படியில் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தான். எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், முதலில் அந்தச் செருப்பைக் கழற்றினேன்.

"கழட்டாதப்பா" என்றான். "அம்மாகிட்டப் போகணும்ல."